எல்.கே.ஜி குழுவில் போட்டோ வருகிறது, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை

#1 தாமிரபரணிக்காரி

வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. ஜூனில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி சேர்த்தோம். பள்ளியின் பெயர் வேண்டாம், அவர்களைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பள்ளி மட்டும்தான் அதில் எழுத முடியும். மஞ்சள் நாள், பழங்கள் நாள், தாத்தா பாட்டி நாள் என்று போட்டோவாகக் கொட்டுகிறது. ஒன்றில் என் மகன் மாம்பழத்தோடு நிற்கிறான், அடுத்ததில் வாழைப்பழத்தோடு நிற்கிறான். டைரியில் 'ரைம்ஸ் படிக்கவும்', 'நகம் வெட்டவும்' என்று ரப்பர் ஸ்டாம்ப். காலையில் கேட்டோடு சரி, பெற்றோர் உள்ளே போகக்கூடாது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் பெரிய வரிசை. நம் முறை வந்ததும் "நல்லா பண்றான், கொஞ்சம் ஷை டைப், வீட்ல இங்கிலீஷ் பேசுங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போன வாரம் அவன் வகுப்புப் பிள்ளை ஒன்று வேனில் இருந்தபடியே சொன்னது: "ஆன்ட்டி, இவன் ஸ்கூல்ல பேசவே மாட்டான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் அவனுக்கு வாய் ஓயாது. ஆச்சி சொன்ன கதையை ராத்திரி எனக்குத் திருப்பிச் சொல்லி, நடுவில் நான் தூங்கினால் எழுப்புவான். பள்ளியில் பாத்ரூம் போகக்கூடக் கேட்பதில்லையாம். மத்தியானம் வேனில் இருந்து இறங்கியதும் எதற்கு அப்படி ஓடுகிறான் என்று அப்போதுதான் விளங்கியது.

எல்லா இடத்திலும் இப்படித்தானா? 'தொந்தரவு பண்ற பேரன்ட்' என்று பெயர் வாங்காமல் யாரிடம் எப்படிக் கேட்பது?

#2 சிங்காநல்லூரான்

நீங்கள் எதற்குங்க பயப்படுகிறீர்கள்? ஃபீஸ் கட்டுகிறோம் இல்லையா? நேராக கரெஸ்பான்டென்டைப் பாருங்கள். ஆயாவிடம் பேசினால் "மிஸ்ஸைக் கேட்டுச் சொல்றேன்", மிஸ்ஸிடம் பேசினால் "கோஆர்டினேட்டரைக் கேட்டுச் சொல்றேன்". மேலே போய்த் தட்டினால்தான் கீழே திறப்பார்கள். எங்கள் ஊரில் இப்படித்தான் நடக்கிறது.

#3 மழலை_மிஸ்

சிங்காநல்லூரான் சார், மேலே தட்டினால் கீழே திறக்காது. கீழே இருக்கிற எங்களுக்கு அடி விழும், அவ்வளவுதான்.

திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் பல வருடமாக எல்.கே.ஜி எடுக்கிறேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். என் வகுப்பில் 34 பிள்ளைகள், பக்கத்து வகுப்போடு பகிர்ந்துகொள்ள ஒரு ஆயா. பதினொன்றரைக்குள் போட்டோ குழுவில் போய்விட வேண்டும், அது நிர்வாகத்தின் உத்தரவு. போட்டோவில் ஒரு பிள்ளை இல்லாவிட்டால் போதும், பன்னிரண்டு மணிக்குள் ஆபீசுக்கு போன் வந்துவிடும். அதனால் மாம்பழத்தைக் கையில் கொடுத்து வரிசையாக நிறுத்திக் கிளிக் செய்வதிலேயே ஒரு பீரியட் ஓடிவிடும். பழத்தைத் தொட்டுப் பார்க்கவும் மோந்து பார்க்கவும் நறுக்கித் தின்னவும் வைத்திருந்த நேரம் அது.

குழுவைப் பூட்டியதற்கும் காரணம் இருக்கிறது. முன்பு திறந்துதான் இருந்தது. ஒரு பிள்ளைக்குப் பேன் என்று ஒரு அம்மா எழுத, யார் பிள்ளையிடமிருந்து ஒட்டியது என்று இன்னொரு அம்மா கேட்க, ராத்திரி பதினொரு மணி வரை சண்டை. மறுநாள் பூட்டிவிட்டார்கள். ஒரு பிள்ளையைப் பற்றி வகுப்பு ஆசிரியை தனியாகப் பெற்றோருக்கு எழுதவோ போன் செய்யவோ கூடாது, எல்லாம் கோஆர்டினேட்டர் வழியாகத்தான் என்பது பல பள்ளிகளில் எழுதாத சட்டம். எங்கள் வாயிலிருந்து ஏதாவது வந்து, அது ஸ்கிரீன்ஷாட்டாகி எங்காவது போய்விடுமோ என்று பயம். நீங்கள் எங்களைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், நாங்கள் உங்களைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு நிஜமாகவே வேண்டியது உங்கள் வீட்டுச் செய்தி. ஒரு பையன் டிபனைத் திறக்கவே மாட்டான். 'சாப்பிடவில்லை' என்று டைரியில் நாங்கள் எழுத, மாலையில் அம்மா அவனைத் திட்ட, மறுநாளும் அதே கதை. ஒரு நாள் கூப்பிட வந்த அவனுடைய அப்பாயி போகிற போக்கில் சொன்னார்: "தட்டுல போட்டாத்தான் திம்பான்மா, டப்பாவுல கை விடமாட்டான்." மறுநாள் டப்பா மூடியைத் தட்டாக்கி இட்லியை அதில் வைத்தோம். தின்றான். அந்த ஒரு வரி முதல் வாரமே எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். சேர்க்கை ஃபாரத்தில் அப்பாவின் ஆண்டு வருமானம் வரை கேட்கிறோம், பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்று கேட்பதில்லை.

தாமிரபரணிக்காரி, நீங்கள் போய் "ஏன் பேசவில்லை" என்று கேட்டால் எங்களுக்குத் தற்காத்துக்கொள்ளத்தான் தோன்றும். அதற்குப் பதில் டைரியில் நாலு வரி எழுதுங்கள்: வீட்டில் எப்போது பேசுகிறான், எதைப் பற்றி, யாரோடு, பாத்ரூமுக்கு வீட்டில் என்ன சொல்லிக் கேட்பான். நாங்கள் 'ரெஸ்ட்ரூம்' என்று பழக்குகிறோம், அவன் வேறு சொல் வைத்திருப்பான். டைரியில் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். அபூர்வமாக வருவதால் கண்டிப்பாகப் படிப்போம்.

#4 தாமிரபரணிக்காரி

மிஸ், ரொம்ப நன்றி. அவன் 'ஒண்ணுக்கு' என்றுதான் சொல்வான். அதைக்கூட அங்கே சொல்லக்கூடாத வார்த்தை என்று நினைத்திருப்பானோ என்னவோ.

இன்னொன்று. பெரும்பாலும் அவனை வேனில் ஏற்றி இறக்குவது என் அம்மா. நான் பேங்க் வேலைக்குப் போய்விடுவேன். கூட்டத்துக்கு 'பெற்றோர் மட்டும்' என்று போட்டிருந்ததால் நான் லீவு போட்டுப் போனேன். அவனைப் பற்றி என்னைவிட ஆச்சிக்குத்தான் அதிகம் தெரியும்.

#5 இரவுஷிஃப்ட்_அப்பா

'பெற்றோர் மட்டும்' என்றாலும் அதில் அப்பா இல்லை. எங்கள் பள்ளிக் குழுவின் பெயரே 'எல்.கே.ஜி பி மாம்ஸ்'. என் நம்பரைச் சேர்க்கச் சொன்னேன், "மதர் நம்பர் கொடுங்க சார்" என்றார்கள். மகளைக் காலையில் குளிப்பாட்டி, சடை பின்னி, கொண்டுபோய் விடுவது நான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து செய்கிறேன். மனைவி காலை ஏழுக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். நகம் வெட்டவில்லை என்று அவளுக்கு மெசேஜ் போகும், அவள் எனக்கு ஃபார்வர்ட் செய்வாள், நான் வெட்டுவேன்.

சடை கோணலாக இருப்பது வேறு விஷயம்.

#6 பால்வாடி_டீச்சர்

திண்டுக்கல் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர் நான். இந்தக் கேட்டு, கோஆர்டினேட்டர் கதையெல்லாம் எங்களுக்கு இல்லை. மையம் இருப்பது தெருவிலேயே. அம்மாக்கள் வாசல் வரை வருவார்கள், சத்துமாவு பாக்கெட் வாங்கும்போது அரை மணி நேரம் பேசுவார்கள். யார் வீட்டில் நேற்று ராத்திரி சண்டை, எந்தப் பிள்ளை தூங்கவில்லை என்று காலையிலேயே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையை அன்றைக்கு மடியில் வைத்துக்கொள்வேன்.

எங்கள் சிக்கல் வேறு. பேச்சு எல்லாம் எடை, முட்டை, தடுப்பூசி என்றே முடிந்துவிடுகிறது. மாதா மாதம் எடை உயரம் எடுத்து போஷன் டிராக்கர் ஆப்பில் ஏற்றுவதற்குள் டவர் போய்விடும். பிள்ளை இன்றைக்கு என்ன விளையாடியது, என்ன புதுசாகச் சொன்னது என்று நானும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. மூன்று வயது ஆனதும் "இங்க ஏபிசிடி எழுத வைக்க மாட்டேங்கிறீங்க" என்று வேன் ஸ்கூலுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். மூன்று வயது விரலுக்குப் பென்சில் பிடிக்கிற பலம் வந்திருக்காது, களிமண் பிசைவதும் மணி கோப்பதும் அதற்குத்தான் என்று வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மாதம் ஒரு நாள் பெற்றோரை வரவழைத்து முன்பருவக் கல்வி நாள் நடத்த வேண்டும். பேருக்கு நடத்தினால் பேனர் கட்டி, போட்டோ எடுத்து மேலே அனுப்பி முடித்துவிடலாம். போன முறை நான் வேறு மாதிரி செய்தேன். ஒரு பிள்ளையின் அப்பா கொத்தனார். வேலை இல்லாத நாள், சும்மா எட்டிப் பார்த்தார். "அண்ணே, உங்க சாமானை எடுத்துட்டு வாங்க" என்றேன். ரசமட்டம், தூக்குக்குண்டு, மணியாசுக் கட்டை எல்லாம் கொண்டுவந்தார். ரசமட்டத்தைத் தரையில் வைத்தார், உள்ளே குமிழி ஓரமாக ஓடியது. ஒரு பக்கம் அட்டையை மடித்துச் சொருகினார், குமிழி நடுவுக்கு வந்து நின்றது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அதைச் சாய்த்துப் பார்த்து, பலகை, ஜன்னல் திட்டு, என் மேசை என்று எல்லாவற்றிலும் வைத்தார்கள். என் மேசை கோணல் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்கு வந்த அம்மாக்கள் யாரும் ஏபிசிடி பற்றிக் கேட்கவில்லை. அந்த அப்பாவின் மகள் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தாள்.

#7 சிங்காநல்லூரான்

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், அங்கன்வாடியில் படிப்பு என்று ஒன்று இருக்கிறதா? சாப்பாடு போட்டுத் தூங்க வைக்கிற இடம் என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்?

#8 வடக்குமாசி_வாசகர்

நினைக்கிறோம், அதுதான் கோளாறு. அங்கன்வாடிகளை நடத்துகிற ஐ.சி.டி.எஸ் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியபோதே ஆறு சேவைகளில் ஒன்று முன்பருவக் கல்வி. தமிழ்நாட்டில் இதற்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி, யு.கே.ஜியே ஆரம்பித்தார்கள். அது அப்புறம் பட்ட பாடு தனி இழைக்கான விஷயம்.

இந்த இழைக்குச் சம்பந்தப்பட்டதைச் சொல்கிறேன். நம் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு மாண்டிசோரி பள்ளி. அந்தப் பெயருக்குரிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரில் சான் லொரென்சோ என்கிற ஏழைகள் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அந்தக் குடியிருப்புக் கட்டடத்துக்குள்ளேயே பள்ளி. அதன் விதிகளில் ஒன்று, தாய்மார் வாரம் ஒரு முறையாவது ஆசிரியையோடு பேசலாம், வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று சொல்லலாம், ஆசிரியையிடம் யோசனை கேட்டுக்கொள்ளலாம் என்பது. கவனியுங்கள், தாய் முதலில் தகவல் *கொடுப்பவள்*. 1939-இல் அவர் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய மரச் சாமான்களை நாம் வாங்கி அடுக்கிவிட்டோம். அந்த விதியை மட்டும் வாங்கவில்லை.

இன்னொன்று பெர்ரி பிரீஸ்கூல் ஆய்வு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், இப்சிலான்டி நகரம், 1962 முதல் 1967 வரை. வறுமையில் இருந்த 123 கறுப்பினக் குழந்தைகளில் பாதிப் பேரைப் பள்ளியில் சேர்த்து, மீதிப் பேரைச் சேர்க்காமல், பெரியவர்களான பிறகும் இரு தரப்பையும் தொடர்ந்து பார்த்தார்கள். மழலைக் கல்விக்குச் செலவழித்தால் நாட்டுக்கு லாபம் என்று பேசுகிற எல்லாரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். அங்கே ஆசிரியர்கள் காலையில் வகுப்பு எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அம்மாவோடும் பிள்ளையோடும் வேலை செய்தார்கள். மேற்கோளில் இது மட்டும் எப்படியோ விட்டுப்போய்விடும். லாபத்தில் எவ்வளவு வகுப்பால் வந்தது, எவ்வளவு வீட்டுத் திண்ணையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் திண்ணையைக் கழித்துவிட்டு அதே லாபத்தை எதிர்பார்க்கிறோம்.

#9 ஹூஸ்டன்_அத்தை

வடக்குமாசி அண்ணா சொன்னதைத் தொட்டு ஒன்று. இங்கே ஹூஸ்டனில் ஒரு ஹெட் ஸ்டார்ட் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். ஹெட் ஸ்டார்ட் 1965-இல் ஜான்சன் அதிபராக இருந்தபோது ஆரம்பித்த திட்டம். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசம். எங்களுக்கு மத்திய அரசின் விதியே இருக்கிறது: ஆசிரியர் வருடத்துக்கு இரண்டு முறையாவது வீட்டுக்குப் போக வேண்டும், இரண்டு முறையாவது பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும். முடிந்தால் முதல் வீட்டு வருகை வகுப்பு தொடங்கும் முன்பே. நிர்வாகத்தில் 'பாலிசி கவுன்சில்' என்று ஒன்று உண்டு. அதில் பெரும்பான்மை இப்போது படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர். பட்ஜெட்டுக்கு அவர்கள் ஒப்புதலும் வேண்டும்.

வீட்டு வருகை என்றதும் ஏதோ சோதனை போடப் போகிறோம் என்று முதலில் எல்லாரும் பயப்படுவார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்போமோ என்று சிலர் கேட்டே விடுவார்கள். நாங்கள் போய் உட்கார்ந்து கேட்கிற முதல் கேள்வி, இந்த வருடம் உங்கள் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டால் உங்களுக்குச் சந்தோஷம் என்பதுதான். ஒரு ஹோண்டுராஸ் அம்மா, "என்னை விட்டுப் பிரியும்போது அழாமல் இருந்தால் போதும்" என்றார். எழுத்து, எண் எதுவும் அவர் வாயில் வரவில்லை. அதையே அந்தப் பிள்ளையின் முதல் இலக்காக எழுதிக்கொண்டோம். தினமும் காலையில் அம்மாவோடு ஜன்னல் வழியாக இருவரும் கை காட்டுகிற ஒரு வழக்கம் வைத்தோம்.

பெருமைக்குச் சொல்லவில்லை, இங்கேயும் குறை நிறைய. இரண்டு வேலை பார்க்கிற அம்மாவுக்கு மாலை ஆறு மணிக் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்? வராதவரை 'ஈடுபாடு இல்லாதவர்' என்று ஃபாரத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடிக்கிற பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. பாதி நேரம் ஃபாரம் நிரப்புவதில் போகிறது. ஆனால் அந்த இரண்டு வருகை விதியில் இருப்பதால், கோஆர்டினேட்டர் அனுமதி வேண்டுமா என்ற கேள்வியே எழுவதில்லை. டீச்சரின் நல்ல மனசை நம்பி விடாமல் சம்பள நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

#10 சிங்காநல்லூரான்

இங்கே 34 பிள்ளை வீட்டுக்கு மிஸ் எப்படிப் போவார்? பெட்ரோலுக்கு யார் கொடுப்பார்?

#11 மழலை_மிஸ்

முதல் முறையாக உங்களோடு ஒத்துப்போகிறேன் சார். எங்கள் சம்பளத்தைச் சொன்னால் பெட்ரோல் பங்க்காரர் அழுதுவிடுவார்.

#12 கொக்குவில்_ரீச்சர்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே முன்பள்ளி என்றால் பெரும்பாலும் ஊர்ச் சனசமூக நிலையத்தோடோ கோயிலோடோ தேவாலயத்தோடோ ஒட்டினதுதான். ரீச்சரை எல்லாருக்கும் தெரியும், ரீச்சருக்கும் எல்லாரையும் தெரியும். கதைப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை.

நாங்கள் 'சிறுவர் சந்தை' என்று வைப்போம். பிள்ளைகள் வீட்டில் இருந்து கத்தரிக்காய், முருங்கைக்காய், கீரைப்பிடி, தேசிக்காய், அம்மம்மா அவித்த கடலை எல்லாம் கொண்டுவந்து பரப்பி வைத்து விற்பார்கள். தாய் தகப்பன், அயலட்டைச் சனம்தான் வாங்குகிறவர்கள். காசு எண்ணுவது, மிச்சம் கொடுப்பது, கூப்பிட்டு விற்பது எல்லாம் ஒரு காலையில் நடந்துவிடும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஒன்று, தன் தாத்தாவின் தோட்டத்து மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு "வாங்கோ வாங்கோ" என்று கத்தினதை நான் கண்டிருக்கிறேன். தாமிரபரணிக்காரி அக்கா, உங்கள் மகனுக்கும் வீட்டில் இருந்து ஏதும் கொண்டுபோய்க் காட்டுகிற சந்தர்ப்பம் கிடைத்தால் பாருங்கோ. சொந்தப் பொருள் கையில் இருந்தால் நாக்கு கொஞ்சம் இளகும்.

ஆனால் ஒரு மனக்குறை. பெற்றோர் பங்களிப்பு என்று நாங்கள் சொல்வதெல்லாம் உழைப்புத்தான். சிரமதானத்துக்கு வா, விளையாட்டு விழாவுக்குப் பந்தல் கட்டு, கலைவிழாவுக்கு உடுப்புத் தை. தாய்மார் வந்து சமைத்து, கூட்டி, துடைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைக்கு என்ன படிப்பிக்கலாம், எத்தனை மணிக்கு விடலாம் என்று அவர்களிடம் ஒரு சொல் கேட்கிற வழக்கம் இல்லை. ஹூஸ்டன் அக்கா சொன்ன அந்தப் பெரும்பான்மை எங்களுக்கு எட்டாக் கனி.

#13 நடத்துநர்

புதிய கல்விக் கொள்கை வேண்டும், வேண்டாம் என்று வந்த சில பதிவுகளை அரசியல் பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே மழலையர் வகுப்பைப் பற்றி மட்டும் பேசுவோம்.

#14 வடக்குமாசி_வாசகர்

நடத்துநர் அய்யா, அரசியலுக்குப் போகாமல் ஒரே ஒரு வரி. அந்தக் கல்விக் கொள்கையை ஒட்டி 2022-இல் வந்த, அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட ஆவணம், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைப்பது அறவே பொருந்தாது என்கிறது. அந்தக் கொள்கையை ஏற்கிறோமா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும், இதில் எந்தக் கட்சிக்காரருக்கும் சண்டை இருக்காது. நிஜத்தில் எல்.கே.ஜி பிள்ளைக்கு 'சைக்கிள் டெஸ்ட்' என்று சுழற்சித் தேர்வு நடக்கிறது, பெற்றோர் கூட்டம் என்பதே அந்த மார்க்கைக் காட்டுகிற நாளாக இருக்கிறது.

குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா என்று ஒருவர் இருந்தார். வக்கீல். மகன் பிறந்ததும் பிள்ளை வளர்ப்பைப் பற்றி யோசிக்க ஆரம்பித்து, தொழிலை விட்டுவிட்டு, 1920-இல் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கினார். 'மீசை வைத்த அம்மா' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கதை எழுதியதோடு விடாமல் பெற்றோருக்கென்றும் ஏராளமாக எழுதினார். இரவுஷிஃப்ட் அப்பாவைப் படித்ததும் அவர் ஞாபகம் வந்தது. நூறு வருடத்துக்கு அப்புறமும் 'மாம்ஸ்' குழு.

#15 பேச்சுப்பயிற்சி_மதுரை

தாமதமாக வருகிறேன். பேச்சுப் பயிற்சியாளராக ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை, பள்ளி மாதிரி ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தொடர்ந்து பேசாமல் இருந்தால் அதை 'ஷை டைப்' என்று தள்ளிவிடக் கூடாது. செலக்டிவ் மியூட்டிசம் என்று ஒன்று இருக்கிறது. அது பிடிவாதம் அல்ல, பதற்றம். பள்ளி சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, அப்போது பல பிள்ளைகள் அமைதியாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காட்டிவிடுவது நல்லது. உங்கள் மகனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்க்காமல் சொல்லவும் கூடாது.

இரண்டு காரியம் செய்யாதீர்கள். 'இன்றைக்குப் பேசினால் சாக்லேட்' என்று பேரம் பேசாதீர்கள். எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி 'பேர் சொல்லு' என்று கேட்க வேண்டாம் என்று பள்ளியில் சொல்லுங்கள். பேசச் சொல்லி நெருக்க நெருக்க வாய் இன்னும் இறுகும்.

உதவுகிற வழி ஒன்று இருக்கிறது. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, அதே அறையில் அவனுக்குப் பழகின ஆளோடு அவன் விளையாடட்டும். உங்கள் வீட்டில் அது ஆச்சி. அங்கே அவன் ஆச்சியிடம் பேச ஆரம்பிப்பான். அப்புறம் ஆசிரியை கதவோரமாக வந்து தன் வேலையைப் பார்ப்பதுபோல இருக்கட்டும், கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். சில நாளில் கொஞ்சம் கிட்டே, பிறகு விளையாட்டிலேயே. அவசரப்படக் கூடாது. இதற்கு மருந்து, கருவி எதுவும் வேண்டாம். ஆச்சியைக் கேட்டைத் தாண்டி உள்ளே விட வேண்டும், அவ்வளவுதான். அந்த அனுமதி கிடைப்பதுதான் என் தொழிலில் பெரிய மல்லுக்கட்டு.

செலவுக்குப் பயம் வேண்டாம். அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி என்கிற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். 2013-இல் வந்த, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கிற ஆர்.பி.எஸ்.கே திட்டத்தின் கீழ் 18 வயது வரை பார்க்கிறார்கள். அதே திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வர வேண்டும். தனியார் எல்.கே.ஜிக்கு அந்த வண்டி வராது என்பதால், அங்கே படிக்கிற பிள்ளைகள்தான் சில சமயம் விட்டுப்போகிறார்கள்.

#16 பால்வாடி_டீச்சர்

வண்டி எங்களுக்கு வருகிறது சார். போன தடவை காது கேட்காத ஒரு பிள்ளையை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அவள் அம்மா "கூப்பிட்டா திரும்ப மாட்டா, திமிரு" என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

#17 இரவுஷிஃப்ட்_அப்பா

நடுவில் ஒரு சந்தேகம். இந்தக் குழு போட்டோக்களை யார் யாரோ ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். பள்ளியே ஃபேஸ்புக்கில் விளம்பரத்துக்குப் போடுகிறது, பிள்ளையின் பேர், வகுப்பு எல்லாம் தெரிகிறது. கேட்க உரிமை இருக்கிறதா?

#18 வடக்குமாசி_வாசகர்

இருக்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தை என்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, 'என் மகள் படத்தை வெளியே போட வேண்டாம்' என்று எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

#19 சிங்காநல்லூரான்

போட்டோவை நிறுத்தினால் மிஸ்ஸுக்கு ஒரு பீரியட் மிச்சமாகும். அந்த நேரத்தில் தினம் இரண்டு பிள்ளையைப் பற்றி இரண்டு வரி எழுதினால்கூட மூன்று, நாலு வாரத்தில் 34 பேரும் முடிந்துவிடும். நிர்வாகம் சரி என்று சொல்லாது, ஏனென்றால் போட்டோதான் அடுத்த வருட அட்மிஷன். நான் கரெஸ்பான்டென்டைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். மிஸ்ஸைப் போட்டுக் கொடுக்க இல்லை, மிஸ்ஸுக்கு நேரம் வாங்கிக் கொடுக்க. பத்துப் பெற்றோர் சேர்ந்து போய் 'எங்களுக்குத் தினம் போட்டோ வேண்டாம்' என்று சொன்னால் எந்த நிர்வாகமும் ஒரு நிமிஷம் யோசிக்கும்.

#20 மழலை_மிஸ்

இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கக்கூடாதா சார்!

#21 தாமிரபரணிக்காரி

எல்லாருக்கும் நன்றி. டைரியில் எழுதிக் கொடுத்தேன், ஒரு பக்கம் நிறைய வந்துவிட்டது. மறுநாள் ஸ்டாம்ப்புக்குக் கீழே பேனாவால் இரண்டு வரி: "இன்று ஆயாவிடம் ஒண்ணுக்கு என்று காதில் சொன்னான். உங்கள் கடிதத்தை ஆயாவிடமும் படித்துக் காட்டினேன்." வகுப்பில் இன்னும் பேசவில்லை. டி.இ.ஐ.சியில் விசாரித்திருக்கிறோம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

ஆச்சியை வகுப்பு முடிந்ததும் உள்ளே விடுவதைப் பற்றிக் கேட்டதற்கு, "ரூல்ஸ் இல்லை, பார்க்கிறோம்" என்று பதில். மிஸ், இதை எப்படிக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்?

#22 மழலை_மிஸ்

'பார்க்கிறோம்' என்றாலே பாதி சம்மதம்தான். வாயால் திரும்பக் கேட்காதீர்கள். டி.இ.ஐ.சியில் பார்த்ததும் அவர்களிடமே பள்ளிக்கு ஒரு குறிப்பு எழுதி வாங்குங்கள், 'வகுப்பறையில் பழக்கமான ஒருவருடன் சிறிது நேரம்' என்று அதில் இருக்கட்டும். மருத்துவமனைத் தாளைப் பார்த்தால் நிர்வாகத்துக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும், நாளைக்கு வேறு பெற்றோர் கேட்டாலும் காரணம் காட்டலாம். ஆச்சியின் ஆதார் நகலும் ஒரு போட்டோவும் சேர்த்துக் கொடுங்கள், கேட் வாட்ச்மேனுக்கு அது போதும். நேரம் கேட்டால் மூன்று மணிக்கு மேல் என்று சொல்லுங்கள், வேன் எல்லாம் கிளம்பியிருக்கும். எங்கள் பக்கம் புதன்கிழமை நோட்டு திருத்தும் வேலை குறைவு. உங்கள் மிஸ்ஸுக்கு எந்த நாள் என்று அவரையே கேட்டு, அந்த நாளை எழுதிக் கொடுங்கள்.